கலர் டாக்டரும் வயிற்றுக் குடியேறிகளும்

இந்தியாவிலேயே ‘சௌக்கியமா?’ என்று கேட்காமல், ‘இன்னிக்கு என்ன கலர்?’ என்று நலம் விசாரித்த ஒரே மனிதர் அந்தமானில் எங்கள் பாராடாங் தீவு டாக்டர்தான். சட்டையைப் பற்றி அல்ல. காலையில் ஒதுங்கி வந்த விஷயத்தைப் பற்றி.

அறுபதுகளில் ரோடு வேலைக்கு கிளார்க்காக அங்கே போயிருந்தேன். படகுத்துறையில் ஊரே நிற்கும்போது கேட்பார். வங்காளிகளிடம் அதையே இந்தியில், “தாதா, ஆஜ் க்யா ரங்?” மெயின்லேண்டிலிருந்து இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த அதிகாரியையும் விடவில்லை, அதுவும் அவர் மனைவி எதிரில். அதிகாரி இன்ஸ்பெக்‌ஷனைச் சுருக்கிக்கொண்டார்.

ஏன் சார் இந்தக் கலர் விசாரணை என்று ஒருநாள் அவரிடமே கேட்டேன். “கல்லீரல் பித்தநீரைப் பச்சையா அனுப்புது தம்பி. குடல்ல கோடிக்கணக்குல கிருமிங்க, நம்மள மாதிரி வந்து குடியேறின செட்லர்ஸ். அதைப் பக்குவப்படுத்துறது அவங்கதான். அப்பதான் பழுப்பு வரும். பக்குவப்பட்ட பித்தம் உடம்போட காவல்காரங்களை அடக்கி வைக்கும், வீட்டு ஆளையே அடிக்காதடான்னு.”

“யார் சார் சொன்னா?”

“பாதி புஸ்தகத்துல இருக்கு. மீதி நானா யோசிச்சது.”

அந்த மீதியை, காவல்காரர் கதையைத்தான் இப்போது ஆராய்ச்சிக்காரர்கள் சொல்கிறார்களாம். அன்று நாங்கள் சிரித்தோம். சளி, இருமலுக்குக் கிருமியைக் கொல்லும் காப்ஸ்யூல் கேட்டால் சண்டைக்கே வந்துவிடுவார். “குடியிருக்கிறவனைக் காலி பண்ணச் சொல்றியா?”

எனக்கு டைபாய்டு வந்தது. கடல் கொந்தளிப்பு, போர்ட் பிளேருக்குப் படகு இல்லை. நான் பிழைக்கமாட்டேன் என்று ரோடு கேங்கில் பேசிக்கொண்டார்கள். டாக்டர் வந்தார், பார்த்தார், மறுபேச்சில்லாமல் காப்ஸ்யூலை என் வாயில் போட்டார்.

“சார்... செட்லர்ஸ்?” என்று முனகினேன்.

“அவங்க செத்தா சாகட்டும்டா. நீ பொழச்சுக் கெட.”

காய்ச்சல் இறங்கியது. ஆனால் கலர் பச்சையாகிவிட்டது, வயிறும் நிற்கவில்லை. எழுந்து உட்காரக்கூடத் தெம்பில்லை. மனுஷன் இடிந்துபோய்விட்டார். ஊரில் யார் வீட்டில் எருமை கறக்கிறது என்று விசாரித்து, சேற்றில் நடந்து மோர் வாங்கி வந்து, கரண்டி கரண்டியாக ஊட்டினார். “குடி. புது செட்லர்ஸ் வர்றாங்க. கொஞ்சம் இடம் குடு.” எனக்கு எரிச்சலாக வரும். திட்டியிருக்கிறேன். மறுநாளும் வருவார்.

ஒருநாள் காலை, “சார், பழுப்பு” என்றேன்.

நம்பவில்லை. பெட்பேனைத் தானே எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்குப் போனார். வெகுநேரம் திரும்பவில்லை. எட்டிப் பார்த்தால், அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

அந்தத் தீவில் எனக்குச் சொந்தக்காரர் யாருமில்லை என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.