சும்மா ஆட வந்தவர்

ஜெயிக்க வேண்டும் என்று விளையாடுகிறவரைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. அவர் முகத்திலேயே அது எழுதி ஒட்டியிருக்கும், நாமும் சுதாரித்துக்கொள்ளலாம். பயப்பட வேண்டியது இன்னொரு ரகத்துக்கு. “ஜெயிக்கிறதா முக்கியம்? நாலு பேரு சேந்து சும்மா ஜாலியா இருக்கத்தான!” என்று நம் தோளில் கை போட்டபடி வருகிறாரே, அவருக்கு. குடியிருப்புப் பொங்கல் விழாவின் மியூசிக்கல் சேரில், ஏழு வயதுப் பெண்குழந்தையை இடுப்பால் ஓர் இடி இடித்து நாற்காலியைப் பிடித்துவிட்டு, “பாப்பா, இதெல்லாம் ஸ்போர்ட்டிவா எடுத்துக்கணும்” என்று புத்தி சொன்னவர் இவரே. வீட்டில் கேரம் ஆடுகையில் பெண்டாட்டியின் விரல் கோட்டைத் தொட்டதா இல்லையா என்று தரையில் படுத்துப் பார்த்தவரும் இவரே. இவரைத் தோற்கடிக்க யாராலும் முடியாது. ஆட வந்தால்தானே தோற்பதற்கு? சும்மா அல்லவா வந்தார்!

திண்டுக்கல்லில் இந்த ரகத்துக்குத் தலைமகன் பொன்னழகு. வயது ஐம்பத்து நாலு. ஆழ்துளைக் கிணறு போடும் வண்டிகள் நாலு வைத்திருக்கிறார். நெய்க்காரப்பட்டியிலிருந்து அகரம் வரை அவர் துளை போடாத ஊர் கிடையாது. ஆயிரம் அடி ஆழத்துக்குப் பூமியைக் குடைந்தவர், உள்ளங்கை அகலக் குழியில் ஒரு பந்தைத் தள்ள முடியாமல் மூன்று வருஷமாகத் திணறுகிறார் என்பதுதான் கொடுமை.

ஆமாம், கோல்ஃப். கன்னிவாடி போகிற பாதையில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே, ஊர்ப் பெரிய மனிதர்கள் சிலர் சேர்ந்து மைதானம் போட்டிருக்கிறார்கள். ஒன்பது குழி. புல் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. தண்ணீருக்கு எங்கே போவது? பொன்னழகுவே இரண்டு இடத்தில் போர் போட்டுப் பார்த்தார், புழுதிதான் வந்தது. ஆகவே குழியைச் சுற்றி எண்ணெய் கலந்த மணலை உருளை விட்டு அமுக்கி வைத்திருக்கிறார்கள். மற்றபடி செம்மண், முள், மயில்.

வருஷத்துக்கு ஒருமுறை அங்கே ‘ஸ்கிராம்பிள்’ என்றொரு நட்புப் போட்டி நடக்கும். முறை ரொம்பச் சுலபம். நாலு பேர் ஓர் அணி. நாலு பேரும் ஆளுக்கொரு பந்து அடிப்பார்கள். எந்தப் பந்து நல்ல இடத்தில் கிடக்கிறதோ அதை வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் பொறுக்கிக்கொள்வார்கள். அடுத்த அடியை நாலு பேரும் அங்கிருந்தே அடிப்பார்கள். இப்படியே குழி வரைக்கும். நாலு பேர் அடித்தாலும் கணக்கில் ஒரே அடி. யாருக்கு மொத்த அடி குறைவோ அந்த அணிக்குக் கோப்பை. அதாவது, ஒருவர் ஒழுங்காக அடித்தால் போதும், மற்ற மூவரும் “நம்ம பந்து எப்படி?” என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பின்னால் நடக்கலாம். நம் குணத்துக்கு இதைவிடப் பொருத்தமான விளையாட்டு உண்டா?

கோப்பை இரண்டு வருஷமாக வெங்காய மண்டி அப்துல் வாஹித்திடம் இருக்கிறது. இருந்தால்கூடப் பரவாயில்லை, அந்த மனிதர் அதில் பேனா போட்டு வைத்திருக்கிறார். மண்டிக்குப் போன பொன்னழகு அதைக் கண்ணால் பார்த்தார். கோப்பைக்குள் நாலு பேனா, ஒரு கத்தரிக்கோல், காது குடையும் குச்சி! அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் வரவேற்பறை அலமாரியில் மேல்தட்டைக் காலி செய்து, அதற்குமேல் ஒரு சின்ன விளக்கும் பொருத்தினார்.

“அங்க என்னத்தங்க வைக்கப் போறீங்க?” என்று கேட்டாள் மனைவி கௌசல்யா.

“சும்மாதான்.”

அதன் பிறகு தினமும் விடியற்காலையில் மொட்டை மாடியில் பயிற்சி. கொசுவலையை நாலாக மடித்துக் கம்பியில் கட்டி, அதைப் பார்த்து அடித்தார். வலை ஆறடி தூரத்தில் இருந்தபடியால் ஒரு பந்துகூடத் தவறவில்லை. தன் கையில் இப்படியொரு வித்தை இருப்பதை இத்தனை நாள் உலகம் கவனிக்கவில்லையே என்று அவருக்கே வருத்தமாக இருந்தது. கண்ணாடி முன்னால் நின்று இடுப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவரிடம், “பிடிச்சிருந்தா தைலம் தேச்சு விடவா?” என்று கேட்டாள் கௌசல்யா. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

திறமை மட்டும் போதுமா? போட்டிக்குப் பத்து நாள் முன்பு, கிளப் வாட்ஸ்அப் குழுவில் அவர் ஒரு செய்தி போட்டார். “நண்பர்களே! நாம ஜெயிக்கவா விளையாடுறோம்? எல்லாருக்கும் வாய்ப்புக் கெடைக்கணும். அதனால, அணியில ஒவ்வொருத்தரோட முதல் அடியையும் ஒரு குழியிலயாவது கட்டாயம் எடுத்தே ஆகணும்னு ஒரு ரூல் வச்சா என்ன? சமத்துவம்!” கீழே கும்பிடும் கை மூன்று, ரோஜாப்பூ இரண்டு.

படித்தவர்கள் உருகிப்போனார்கள். உருகாமல் யோசித்திருந்தால் தெரிந்திருக்கும். வாஹித்தின் அணியில் செபாஸ்தியம்மாள் டீச்சர் இருக்கிறார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, வயது அறுபத்தெட்டு. எவ்வளவு மூச்சைப் பிடித்து அடித்தாலும் அவர் பந்து எழுபது கஜத்தைத் தாண்டாது. அதை ஒரு குழியில் எடுத்தே தீர வேண்டுமென்றால் வாஹித் கதை முடிந்தது. இதுதான் பொன்னழகுவின் சமத்துவம். வாஹித் பதிலுக்கு ஒரு கட்டைவிரலை மட்டும் அனுப்பினார்.

போட்டி நாளும் வந்தது. பொன்னழகு தலைமையில் அவர் மச்சினன் மோகன்குமார், பல் டாக்டர் ரூபி, கல்யாண வீடியோ எடுக்கும் ஆல்வின். கேப்டன் கழுத்தில் ஒரு பைனாகுலர் தொங்கியது. “மயில் பாக்கத்தான்” என்றார். வாஹித் அணி இரண்டு குழி முன்னால் ஆடிக்கொண்டு போனது. மயில்களும் அந்தப் பக்கமாகவே இருந்தன போலும், பைனாகுலர் வேறு பக்கம் திரும்பவே இல்லை.

முதல் குழியில் பொன்னழகுவின் பந்து தென்னந்தோப்புக்குள் போனது. “விடுங்கப்பா, சும்மாதான் அடிச்சேன்.” இரண்டாவதில் பக்கத்துச் சம்பங்கித் தோட்டம். “காத்து.” மூன்றாவதில் பந்து நின்ற இடத்திலேயே நின்றது, கட்டை மட்டும் சுற்றி வந்தது. “இது பயிற்சிக்கு.” ஆனால் மோகன்குமார் ஒரு பந்தைக் கோட்டை விட்டபோது மட்டும் காற்றும் இல்லை, பயிற்சியும் இல்லை. “ஏன் மாப்ள, காலைல எங்க வீட்ல அம்புட்டு இட்லி தின்ன, கையில தெம்பே இல்லையே?”

“விளையாட்டுத்தான மச்சான்?” என்றான் மோகன்குமார்.

“விளையாட்டுத்தான்டா. அதுக்காக இப்படியா விளையாடுறது?”

எப்படியோ ஆல்வினும் ரூபியும் அணியைத் தூக்கிச் சுமந்தார்கள். மோகன்குமாரின் பந்தும் ஒரு குழியில் எடுபட்டது. ஒவ்வொரு நல்ல பந்துக்கும் பொன்னழகு “நம்ம பந்து! நம்ம பந்து!” என்று குதித்ததில், அதை அடித்தது தான்தான் என்று நாலாவது குழிக்குள் நம்பத் தொடங்கிவிட்டார். கண் முழுக்க டீச்சர் மேல்தான். ஐந்தாவது குழிதான் மைதானத்திலேயே ஆகக் குட்டையானது, எழுபது கஜம். டீச்சர் மெல்லத் தட்டினார். காய்ந்த தரையில் பந்து நேராக உருண்டு உருண்டு போய், குழிக்கு நாலடி தள்ளி நின்றது. வாஹித் ஓடிப்போய் டீச்சர் கையைக் குலுக்குவது பைனாகுலரில் பெரிதாகத் தெரிந்தது.

வாஹித் அணி முப்பத்தெட்டு அடியில் முடித்துவிட்டு, கடைசிக் குழிக்குப் பக்கத்திலிருந்த வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மோர் குடித்தது. எட்டுக் குழி முடிவில் பொன்னழகு அணிக்கு முப்பத்து மூன்று. ஒன்பதாவது குழியை நாலு அடியில் முடித்தால் கோப்பை. ஐந்தில் முடித்தால் சமம். ஆல்வின் நிதானமாகப் பந்தை வைத்தான்.

“செத்த இருங்க” என்றாள் ரூபி. அவள் கையில்தான் ஸ்கோர் அட்டை. “அண்ணே, எங்க மூணு பேரோட முதல் அடியும் எடுத்தாச்சு. உங்களோடது ஒண்ணுகூட எடுக்கலையே.”

“யாரோடது, என்னோடதா?”

“உங்க ரூல்தானண்ணே. இந்தக் குழியில உங்க பந்தைத்தான் எடுக்கணும்.”

“மூணாவது குழியில எடுத்தது எம் பந்துதானம்மா? மாப்ள, நீ சொல்லு!”

பதினோரு வருஷமாக மச்சான் சொன்ன எதற்கும் மறுப்புச் சொல்லாத மோகன்குமார், இதற்கு மட்டும் எப்படிச் சொல்வான்? “ஆமா, மச்சான் பந்துதான்.”

ரூபி பையிலிருந்து ஒரு பந்தை எடுத்துக் காட்டினாள். பிங்க் நிறம். மைதானத்திலேயே பிங்க் பந்து வைத்திருப்பது அவள் ஒருத்திதான். “நீங்கதானண்ணே இதத் தூக்கிக் காட்டி, பிரமாதம்னு குதிச்சீங்க?”

“அப்ப பிங்க்குதான்” என்றான் மோகன்குமார், காலடி மண்ணைப் பார்த்தபடி.

வேறு வழியில்லை. வேப்பமரத்தடியில் வாஹித் அணி மோரைக் கீழே வைத்துவிட்டது. எல்லோரும் பார்க்கிறார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பொன்னழகுவால் ‘சும்மா’ என்று சொல்ல முடியவில்லை. கொசுவலையை நினைத்துக்கொண்டார், இடுப்பைத் திருப்பினார், ஓங்கி ஒரு போடு போட்டார். செம்மண் ஒரு கூடை எழும்பியது. புழுதி அடங்கியதும் பார்த்தால், பந்து இருபதடி தள்ளி ஒரு முள்செடியின் காலடியில் கிடந்தது.

அங்கிருந்து ஆல்வின் ஒன்று, ரூபி ஒன்று என்று உயிரைக் கொடுத்து அடித்தார்கள். நாலாவது அடியில் பந்து மணலுக்கு வந்து சேர்ந்தது. ஐந்தாவது அடிக்கு நாலு பேரும் குழியைப் பார்த்துத் தட்டினார்கள். நாலும் குழியின் விளிம்பைத் தொட்டு விலகின. ஆறாவதில் விழுந்தது. மொத்தம் முப்பத்தொன்பது. “மாப்ள, நீ மட்டும் அதப் போட்டிருந்தா!” என்றார் பொன்னழகு.

பரிசளிப்பில் கோப்பையை வாஹித் டீச்சர் கையில் கொடுத்துவிட்டார். டீச்சர் இரண்டு வார்த்தை பேசினார். “மூணு வருசமா இங்க வாரேன். என்னையும் ஒரு ஆளா நெனச்சு எம் பந்தை எடுத்தது இன்னைக்குத்தான். அந்த ரூலைக் கொண்டுவந்த பொன்னழகு தம்பி நல்லா இருக்கணும்.”

எல்லோரும் கை தட்டினார்கள். வாஹித்தான் பலமாகத் தட்டினார். பொன்னழகு எழுந்தார். நெஞ்சில் கை வைத்தார். “அதுக்காகத்தான டீச்சர் கொண்டுவந்தேன்!” என்றார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷத்தில் அவர் அதை நம்பினார். உட்கார்ந்ததும் ரூபி பக்கம் சாய்ந்து, “அவங்க ஸ்கோர் அட்டையவும் ஒரு போட்டோ எடுத்து வைம்மா, சும்மா பாக்கத்தான்” என்றார்.

இப்பேர்ப்பட்டவரோடு நமக்கென்ன சம்பந்தம் என்கிறீர்கள். நியாயம்தான். யார் ஜெயித்தால் உங்களுக்கு என்ன, பொழுதுபோகத்தானே படித்தீர்கள்? ஆனாலும் முப்பத்து மூன்றும் ஆறும் முப்பத்தொன்பதுதானா என்று நடுவில் ஒருமுறை மனசுக்குள் கூட்டிப் பார்த்தீர்களே, அது எதற்கு?