ஃப்ரிட்ஜுக்கு நடுவே ஒரு கோடு

"உலகத்துல எந்த வீட்லயும் ஃப்ரிட்ஜுக்கு நடுவுல கோடு போட மாட்டாங்க சார்" என்று ஜூனியர் வக்கீல் அடித்துச் சொன்னபோது, அவள் வீட்டு ஃப்ரிட்ஜுக்கு நடுவில் சிவப்பு டேப் ஒட்டி மூன்று வருஷம் ஆகியிருந்தது.

கதவைச் சரியாக மூடாமல் பாலைக் கெடுத்தது யார் என்று அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வந்த சண்டையில் ஒட்டியது. இடப்பக்கம் அம்மாவுக்கு, வலப்பக்கம் அப்பாவுக்கு. பேச்சு கிடையாது. கோட்டைத் தாண்டிப் போன பொருள் போனதுதான்.

அந்தச் சண்டை அப்படியே அவளுடைய கட்சிக்காரரின் நாவலில் இருந்தது. கல்நெஞ்சுக் கணவன், கண்ணீர் விடும் மனைவி, நடுவில் ஃப்ரிட்ஜ். பிறகு ஒரு டிவி தொடரிலும் அதே ஃப்ரிட்ஜ், அதே கோடு. அதில் மட்டும் கணவன் தங்கமான மனுஷன், மனைவி ராட்சசி. திருட்டை மறைக்கத்தான் நல்லவரையும் கெட்டவரையும் மாற்றிப்போட்டிருக்கிறார்கள் என்பது ஜூனியரின் வாதம்.

நாவலைப் படித்த அன்றே அது தன் வீட்டு ஃப்ரிட்ஜ் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. வாயைத்தான் திறக்கவில்லை. எழுத்தாளர்கள், ஓவியர்கள், இசைக்காரர்களுக்காக மட்டுமே பதிப்புரிமை வழக்கு நடத்தும் அலுவலகம் அது. சீனியரின் மகனுக்கு வந்த அன்றே தனி அறை. பரம்பரையிலேயே முதல் ஆளாகப் பட்டம் வாங்கி வந்த இவளுக்கு ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி. இதுதான் அவள் கைக்கு வந்த முதல் வழக்கு. தோற்றால் மறுபடி ஜெராக்ஸ்தான்.

"எல்லா வீட்லயும் நடக்கறதுதாங்க" என்றார் சமரசம் பேச அங்கே வந்திருந்த தொடர்க் கம்பெனியின் வக்கீல். "வீட்டுச் சண்டைக்கெல்லாம் காப்பிரைட் கேட்டா, நாளைக்குத் தும்மலுக்கும் கேப்பீங்க."

"எந்த வீட்ல சார்? ஒரே ஒரு வீட்டைக் காட்டுங்க. காட்டிட்டா கேஸை வாபஸ் வாங்கிக்கறோம்!"

சொன்ன பிறகுதான் உறைத்தது. சமாளிப்பதற்குள் பக்கத்தில் இருந்த, கண்ணாடி போட்ட நாவலாசிரியை மேசையைத் தட்டினார். "ஆமா! அத்தனையும் என் சொந்தக் கற்பனை! காட்டட்டும், வாபஸ் வாங்கறேன்!"

எதிர் வக்கீல் சிரித்தார். "சரிங்க. நாளைக்கு இதே மேசை."

சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே ஜூனியர் கத்தினாள். "அம்மா! நம்ம ஃப்ரிட்ஜ் கதையை யார்கிட்ட சொன்னே?"

"பூங்காவுல நடக்க வருமே, கண்ணாடி போட்ட அம்மா, அதுகிட்டதான். நான் பட்டதைக் கேட்டு அதுக்குக் கண்ணுல தண்ணிடி."

"தண்ணி விடல, குறிப்பு எடுத்திருக்கு!"

"எடுக்கட்டுமே. உங்கப்பா லட்சணம் நாலு பேருக்குத் தெரியட்டும்."

ஆக, நாவலாசிரியையின் கற்பனை பூங்கா பெஞ்சில் பிறந்தது. போகட்டும். எதிர் வக்கீல் ஆள் வைத்துத் தேடினாலும், கோடு இருந்தால்தானே மாட்டிக்கொள்வோம்? ஜூனியர் டேப்பை உரித்து, உருட்டி, குப்பையில் எறிந்தாள்.

எல்லை போனது, போர் வந்தது. அம்மாவின் ஆரஞ்சு ஜூஸை அப்பா குடித்தார். அப்பாவின் கேக்கை அம்மா பக்கத்து வீட்டு நாய்க்குப் போட்டாள். காலையில் பார்த்தால் ஃப்ரிட்ஜுக்குள் புது டேப், இரட்டை வரிசை. அது வெளியே இறங்கி, சமையலறைத் தரையில் ஓடி, ஹாலுக்குப் போய் சோபாவின் மேல் ஏறியிருந்தது. சாட்சியை அழிக்கப் போனவள் அதை சோபா வரைக்கும் வளர்த்துவிட்டாள்.

"இனிமே எவ தொடறான்னு பாக்கறேன்" என்று அம்மா டேப்பும் கத்தரிக்கோலுமாக நின்றாள். அப்பா சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

போட்டது போட்டபடி ஜூனியர் அலுவலகத்துக்கு ஓடினாள்.

எதிர் வக்கீல் கையைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வீடு கிடைச்சிருச்சுங்க. வீட்டுக்காரரே வர்றாரு. எங்க தொடரை எழுதினவருக்குக் கதை சொன்னதும் அவர்தான்."

ஜூனியர் வராந்தாவுக்குப் பாய்ந்து போனை எடுத்தாள். "அம்மா, யாராவது வந்து ஃப்ரிட்ஜைப் பாத்தாங்களா?"

"ஒரு ஈ காக்கா வரல. நீதான் டிபன் பாக்ஸை உள்ளேயே விட்டுட்டுப் போயிட்டே."

"யார்கிட்டயாவது கொடுத்து அனுப்பேன்."

"எப்படி அனுப்பறது? அதை அவர் பக்கத்துல வெச்சிருக்கே. கோட்டைத் தாண்டி நான் கை வைக்கமாட்டேன்."

"அப்போ அப்பாகிட்ட சொல்லு."

"நான்தான் அவரோட பேசறதில்லையே!"

மதியச் சாப்பாடு போனாலும் ஜூனியருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வீட்டுக்கு யாரும் வரவில்லை. அப்படியானால் வரப்போவது காசுக்குப் பிடித்த பொய்ச்சாட்சி. அவள் நிமிர்ந்த நடையோடு உள்ளே வந்தாள். வேடிக்கை பார்க்க சீனியரே வந்து சுவரோரமாக நின்றிருந்தார். இதைவிட நல்ல நேரம் எப்போது வரும்?

"வரச் சொல்லுங்க சார் உங்க ஆளை! கோடு போட்ட ஃப்ரிட்ஜை வெச்சுக் குடும்பம் நடத்தறேன்னு சொல்ற மனுஷன் ஒண்ணு பொய்யனா இருக்கணும், இல்ல பைத்தியமா இருக்கணும். அந்த ஆளைப் பெத்த பிள்ளைகூட மதிக்காது!"

சீனியர் தலையை ஆட்டினார். "சபாஷ்" என்றுகூடச் சொன்னார்.

கதவு கொஞ்சமாகத் திறந்தது. வரவேற்பறைப் பெண் தலையை மட்டும் உள்ளே நீட்டினாள்.

"அக்கா, அந்த சாரோட சாட்சி வந்துட்டாரு. நீங்க வீட்ல மறந்துட்டு வந்த டிபன் பாக்ஸையும் கையோட எடுத்துட்டு வந்திருக்காரு."