காயாத விரிப்பு

டிரையரின் கதவைத் திறந்ததும் பல் டாக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. உள்ளே போட்டது படுக்கை விரிப்புகள், தலையணை உறைகள், ஒரு மெத்தை உறை. இப்போது கிடந்ததோ ஒரே ஒரு உருண்டை. மூலைக்கு மூலை எலாஸ்டிக் வைத்த மெத்தை உறை மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, வாயை இறுக மூடிக்கொண்டிருந்தது. வெளியே தொட்டால் சுட்டது. உள்ளே கையை விட்டால் சொதசொதவென்று ஈரம்.

தினமும் ஊரார் வாயைத் திறக்கச் சொல்லிப் பிழைப்பவர், இந்த வாயைத் திறக்கப் படாத பாடு பட்டார்.

மனைவி ரயில் நிலையத்துக்குப் போயிருந்தாள். அவளை வளர்த்த அத்தை கல்யாணத்துக்கு வர முடியாமல் போனவர். இன்றுதான் முதல்முறையாக மாப்பிள்ளையைப் பார்க்க வருகிறார்.

"வெளியில மழை. மெஷின்லயே நல்லா காய வச்சு விரிச்சிடுங்க. அத்தை முதல்ல படுக்கையைத்தான் பார்ப்பாங்க. அப்புறம்தான் உங்களை" என்று எச்சரித்துவிட்டுப் போயிருந்தாள்.

டாக்டர் உருண்டையை அப்படியே உள்ளே தள்ளிச் சூட்டை உச்சத்தில் வைத்தார். வெளியே எடுத்தபோது அது இன்னும் இறுகியிருந்தது. ஒரு விரிப்பை மட்டும் பிடுங்கி எடுத்தார். ஓரம் அப்பளம், நடு ஈரம்.

"மாப்பிள்ளை..."

குரல் விருந்தினர் அறையிலிருந்து வந்தது. ஓடினார். கதவு லேசாகத் திறந்திருந்தது. வாசலிலிருந்து அந்த அறை வரை தரை நனைந்திருந்தது.

"வந்துட்டீங்களா அத்தை? மெஷின் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. அவ எங்க?"

"பின்னாடி வரா. நீங்க உள்ள வராதீங்க, நான் தொப்பலா நனைஞ்சிருக்கேன். படுக்க ஒரு துணி குடுங்க."

கதவிடுக்கில் ஒரு கை நீண்டது. வெளுத்து, விரல் நுனியெல்லாம் சுருங்கியிருந்தது. டாக்டர் விரிப்பைக் கொடுத்தார். உடனே அது திரும்பி வந்தது.

"ஈரமா இருக்கே, மாப்பிள்ளை."

முதல் சந்திப்பிலேயே மானம் போயிற்று. "இதோ அத்தை!" என்று ஓடியவர், ஈரத்தை உறிஞ்சட்டும் என்று இரண்டு காய்ந்த துண்டுகளையும் சேர்த்துப் போட்டார். மெத்தை உறை துண்டுகளையும் விழுங்கியது. கோபத்தில் எல்லாவற்றையும் பிரித்து ஒவ்வொன்றாக உதறினார். ஃபில்டரில் போர்வை மாதிரி படிந்திருந்த பஞ்சுத்தூசியை வழித்தார். மெத்தை உறையைத் தனியாக ஒதுக்கிவிட்டு ஒரே ஒரு விரிப்பை மட்டும் மிதமான சூட்டில் ஓட்டினார். பாதியில் நிறுத்தி, உதறி, புரட்டிப் போட்டார்.

அடடா! விரிப்பு பூவாக வந்தது. கன்னத்தில் வைத்துப் பார்த்தார். ஒரு பொட்டு ஈரம் இல்லை. பெருமையாகக் கொண்டுபோய் நீட்டினார்.

அது சொட்டச் சொட்டத் திரும்பி வந்தது. ஓரத்தில் பச்சையாக ஏதோ ஒட்டியிருந்தது. முகர்ந்து பார்த்தார். பாசி நாற்றம்.

"இன்னும் ஈரம்தான், மாப்பிள்ளை. எனக்குக் குளிருது."

அந்த நேரம் பார்த்து மனைவியின் போன்.

"என்னங்க, ரயில் இப்பதான் வந்துச்சு. அத்தை இறங்கிட்டாங்க. ஆட்டோ பிடிச்சு வந்துடறோம். விரிச்சாச்சா?"

"எந்த அத்தை?"

"எனக்கு எத்தனை அத்தை? என்ன உளறல்? தூங்கிட்டீங்களா?"

போன் வைக்கப்பட்டது. வாசலுக்கு ஓடலாம் என்றால் அந்தக் கதவைத் தாண்டித்தான் போகவேண்டும். அது இன்னும் கொஞ்சம் திறந்திருந்தது.

"மாப்பிள்ளை... துணி?"

வேறு வழி தெரியவில்லை. காய வைத்தார், கொடுத்தார், திரும்ப வாங்கினார். அந்தப் பயத்திலும் ஃபில்டரைத் துடைக்க மட்டும் மறக்கவில்லை.

அழைப்பு மணி அடித்ததும், ஈர விரிப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கண்ணை மூடியபடி ஒரே ஓட்டமாக ஓடிக் கதவைத் திறந்தார். மனைவி குடையை மடக்கினாள். பின்னால் மெலிந்த, சிரித்த முகத்தோடு ஒரு அம்மாள். உடம்பில் ஒரு துளி மழை இல்லை.

"என்னங்க இது கோலம்?" என்ற மனைவி விருந்தினர் அறைக் கதவைத் தள்ளினாள். உள்ளே ஆள் இல்லை. மெத்தையின் நடுவில், ஒருவர் படுத்து எழுந்த அளவுக்குத் தண்ணீர் தேங்கியிருந்தது.

"ஒரு விரிப்பு காய வைக்கத் தெரியாதா உங்களுக்கு?"

டாக்டருக்கு வாயில் வந்தது ஒன்றுதான். "மெஷின்... மெஷின் சரியில்ல."

அத்தை பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, அவர் கையிலிருந்த விரிப்பைத் தடவிப் பார்த்தார்.

"மெஷினைத் திட்டாதீங்க, மாப்பிள்ளை; என் தங்கச்சி குளத்துல மூழ்கிச் செத்த நாள்லேருந்து, நான் எந்த ஊருக்குக் கிளம்பினாலும் எனக்கு முன்னாடி போய்ப் படுத்துக்குவா, அவளுக்கு யார் விரிச்சாலும் காயாது."