அனுபவச்சாமியின் இருமல்

மிளகு குடோன் ஒன்று, லாரி இரண்டு, சொந்தமாக மாடி வீடு, மகளுக்குக் களமசேரியில் காலேஜ் படிப்பு. இத்தனையும் மூன்றாம் வகுப்பைத் தாண்டாத நான், மட்டாஞ்சேரி பஜாரில் மூட்டை தூக்கிய முதுகால் கட்டினது. நான் போலீசுக்கும் பயந்ததில்லை, யூனியனுக்கும் பயந்ததில்லை. இந்த உலகத்தில் என் முதுகுத்தண்டைச் சில்லிட வைத்த ஆள் ஒருவர்தான்: அனுபவச்சாமி.

நகரசபையில் சாக்கடை அள்ளி ஓய்வு பெற்ற தமிழர். உண்மைப் பேர் எங்கள் யாருக்கும் தெரியாது. ஞானம் தேடி அலைந்தார். ஆனால் கோயில், பிரசங்கம், புத்தகம் எதுவும் ஆகாது. "அடுத்தவன் சொன்ன ஞானம் எச்சில் சோறு முதலாளி. எதுவானாலும் நம்ம தோல்ல படணும்" என்பார். முதலாளி என்பது எனக்கு அவர் வைத்த கிண்டல் பேர்.

கோபம் என்றால் என்ன என்று அறிய, வற்றல் மிளகாய்க் கிடங்கில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்தார். அன்று பிடித்த இருமல் அவரை விடவேயில்லை. இரண்டு குட்டை, ஒரு நெட்டை, கடைசியில் ஒரு விசில். கண்ணை மூடிக்கொண்டே ஆளைச் சொல்லிவிடலாம். பயத்தை அறியப் படகிலிருந்து காயலில் குதித்தார். இழுத்துப் போட்டவர்களிடம், "அடியில ஒருத்தன் என் பேரைச் சொல்லி விசாரிச்சான்டா" என்றார். எங்களுக்கே தெரியாத பேர். யாரவன் என்று கேட்க எவனுக்கும் தைரியம் வரவில்லை.

சவப்பெட்டிக் கடையில் புதுப் பெட்டிக்குள் படுத்து மூடியைச் சாத்திக்கொண்டது தனிக்கதை. பெட்டி வாங்க வந்த குடும்பம் மூடியைத் திறந்தது. சாமி கண்ணைச் சிமிட்டாமல், "தாராளமா இருக்கு. தலைமாட்டுலதான் கொஞ்சம் இடிக்குது" என்றார்.

அப்புறம் என் குடோன்மேல் கண் விழுந்தது.

வண்டு விழாமலிருக்க மூட்டைகளுக்கு விஷப்புகை மருந்து வைப்போம். கதவிடுக்கில் காகிதம் ஒட்டிவிட்டால் உள்ளே எறும்புகூட மிஞ்சாது. அதனால் ஒட்டுவதற்கு முன் முதலாளியே வாசலில் நின்று, "உள்ளே ஆளுண்டோ" என்று குரல் கொடுத்து, எதிரொலி அடங்கும்வரை காத்திருப்பது பஜார் வழக்கம்.

"அதுக்கு ஒருநாள் உள்ளேயிருந்து பதில் சொல்லணும் முதலாளி. சாவு ஒண்ணுதான் எனக்குப் பாக்கி. எட்டிப் பார்த்துட்டு வந்துடறேன்."

"வந்துடுவீரா?"

"அதைத்தான் பார்க்கணும்."

"குடோன் பக்கம் வந்தீர்னா காலை ஒடிச்சுடுவேன்."

"அதுவும் ஒரு அனுபவம்தானே."

போன மழைக்காலத்துக்கு முன் ஒரு மத்தியானம். மருந்து வைத்துவிட்டு ஆட்கள் வெளியே வந்தார்கள். குரல் கொடுத்தேன். எதிரொலி அடங்கியது. கதவைச் சாத்தி முதல் காகிதத்தை ஒட்டியதும், உள்ளேயிருந்து இருமல். இரண்டு குட்டை, ஒரு நெட்டை, விசில்.

"சாமியேதான் சேட்டா" என்றான் லோடிங் பாபு. சொன்னானே தவிர, கால் பின்னால் போனது.

காகிதத்தைக் கிழித்தேன். ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு நான் போனேன். கும்மிருட்டு. "சாமி, சாமி" என்று மூட்டைகளைத் தடவிக்கொண்டே நடந்தேன். எனக்கு ஓர் அடுக்கு முன்னால் இருமல் நகர்ந்துகொண்டே போனது. கோடிச் சுவரைத் தொட்டபோது அது என் முதுகுக்குப் பின்னால் கேட்டது. அப்போது லாரி ஞாபகமில்லை, வீடு ஞாபகமில்லை. இந்தக் கிறுக்குக் கிழவன் செத்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

மூச்சு முட்டி வெளியே வந்து விழுந்தேன். எதிர்ச் சாயாக்கடை பெஞ்சில் சாமி சாயாவை ஊதிக்கொண்டிருந்தார்.

"சாமி இங்கேயேதான் இருந்தாரு சேட்டா" என்றார் கடைக்காரர். "அதிசயமா, இன்னிக்கு ஒரு தடவைகூட இருமவே இல்லை."

சாமி எழுந்து வந்தார். "உள்ளே போனியா? என்ன பார்த்தே?"

"உம்மைத்தான் தேடினேன்."

"வேற?"

"வேற ஒண்ணுமே ஞாபகம் வரலை."

அவர் முகம் சுண்டிப் போயிற்று. "தன்னை மறக்கிற அந்த ஒண்ணுக்குத்தான் நான் நாயா அலையறேன். அது போயும் போயும் ஒரு மூட்டைக்காரனுக்குக் கிடைச்சிருக்கு பாரு" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். அன்றிலிருந்து அவர் இருமுவதேயில்லை. குடோனில் மட்டும், மருந்து வைக்கிற நாளில், எப்போதாவது கேட்கிறது.

இப்போது பக்கத்து ஊரான கும்பளங்கியில் வெளியூர்க்காரர்கள் வந்து தங்கும் வீடுகளில் சாமிக்கு ஏக மரியாதை. மருந்துக் குடோனுக்குள் போய்ச் சாவைப் பார்த்துத் திரும்பியவர் என்று தன்னைத்தானே சொல்லிக்கொள்கிறாராம். அந்தப் பக்கம் போகிறவர்கள் அவரிடம் கேளுங்கள். உள்ளே போனது நான். அவரைத் தேடித்தான் போனேன். இந்த இரண்டையும் அவர் வாயால் சொல்லியாக வேண்டும்.