கிரீஸும் பிரேக் டான்ஸும்

குற்றாலத்தில் தண்ணீர் விழாத வருஷம்கூட உண்டு. கிரீஸைப் பார்த்து எனக்கு வயிறு எரியாத நாள் கிடையாது.

அவனும் நானும் மெயின் அருவிக்குப் பக்கத்தில் எண்ணெய் மசாஜ் போடுகிறவர்கள். ஒரே வயது, ஒரே ஊர் மேலகரம், ஒரே கடை நல்லெண்ணெய். ஆனால் வருகிறவர்கள் எல்லாம் அவன் முன்னால்தான் குப்புறப் படுப்பார்கள். நான் சும்மா உட்கார்ந்திருப்பேன். எதிரே ஒரு வக்கீலோ வியாபாரியோ துண்டைக் கட்டிக்கொண்டு சாரலில் வெடவெடவென்று நடுங்கியபடி, அந்தத் தம்பி வரட்டும் என்று காத்து நிற்பார். எப்படிப்பட்ட மூட்டும் அவன் கை பட்டால் இளகிவிடும் என்று பேச்சு. அதனால்தான் கிரீஸ் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது.

அவன் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தாலும் இதே கதைதான். எங்கள் அம்மை மீன் குழம்பு வைத்தால் நடுத்துண்டு அவனுக்கு, தலையும் வாலும் எனக்கு. ஒரு நாள் பொறுக்காமல் கேட்டே விட்டேன்.

"அவன் தின்னா பாக்க நல்லாருக்குலே. நீ தின்னா சோறுதான் குறையுது" என்றாள். பெற்றவள் சொன்ன பேச்சு இது.

மேலகரத்தில் ஒரு துபாய்க்காரர் வீட்டுக்கு டிவியும் வீடியோ டெக்கும் வந்தன. வெளிநாட்டுப் பையன்கள் தெருவில் அட்டையை விரித்து, முதுகில் பம்பரமாகச் சுற்றுகிற கேசட் ஒன்று ஓடும். ஜன்னல் வழியாகக் கிரீஸ் ஒரே தடவை பார்த்தான். மறுநாள் அருவிப் பாறையில் சுற்றிக் காட்டினான். நான் கேசட் தேய்கிற வரை பார்த்தேன். எனக்குக் கழுத்துதான் சுளுக்கியது. அதையும் அவனே உருவிவிட்டான். உருவும்போது சும்மா இராமல் என் முதுகில் தாளம் போட்டான். பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் அதே மாதிரி தனக்கும் போடச் சொன்னார். அதிலிருந்து 'டான்ஸ் மசாஜ்' கேட்டு ஆள் வர ஆரம்பித்தது. என் சுளுக்கில் பிறந்த தொழில், பேர் மட்டும் அவனுக்கு.

ஒரு சீசனில் தென்காசிப் பொருட்காட்சித் திடலில் பிரேக் டான்ஸ் ஷோ போட்டார்கள். மதுரை ட்ரூப். உள்ளூர்ப் பையன்களும் மேடை ஏறலாம், நன்றாக ஆடுகிற ஒருவனை டான்ஸ் மாஸ்டர் தன்னோடு கூட்டிப்போவார் என்று ஜீப்பில் மைக் கட்டிச் சொல்லிப் போனார்கள். எனக்குத் தூக்கம் போயிற்று. சீசன் முடிந்தால் கேரள எல்லையில், புளியறையில் லாரிக்கு மூட்டை தூக்குகிறவன் நான். படித்தது அஞ்சாங்கிளாஸ். ஊரை விட்டுப் போக எனக்கு இது ஒன்றுதான் வழி. கிரீஸுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. கூட்டத்தை வேடிக்கை பார்க்கலாம் என்றுதான் கிளம்பினான்.

நான் பாராசூட் துணியில் பேண்ட் தைத்துப் போட்டிருந்தேன். மேடைக்குப் பின்னால் போனால், கிரீஸ் தானும் ஆடிப் பார்க்கலாமென்று சட்டையைக் கழற்றிவிட்டு உடம்பெல்லாம் எண்ணெய் பூசிக்கொண்டிருந்தான். கேட்டதற்கு, எண்ணெய் போடாமல் எந்த உடம்பையும் வேலைக்கு அனுப்பக் கூடாது, அதுதானே நம்ம தொழில் என்றான். எனக்கும் பூச வந்தான். உடுப்பு கெட்டுப்போகும் என்று விலகிவிட்டேன்.

முதலில் நான் ஆடினேன். ஒரு தப்பு இல்லை. முன்வரிசையில் ஒரு காண்ட்ராக்டர் கொட்டாவி விட்டார்.

பிறகு கிரீஸ் வந்தான். பலகையில் முதுகை வைத்து ஒரு சுற்றுச் சுற்றினான். எண்ணெய் உடம்பு, நிற்கவில்லை. சுற்றுகிறான், சுற்றுகிறான், பாட்டு முடிந்த பிறகும் சுற்றுகிறான். கூட்டம் பெஞ்சில் ஏறி நின்று விசில் அடிக்கிறது. கடைசியில் வழுக்கிக்கொண்டே மேடையைத் தாண்டி, கொட்டாவி விட்ட அதே காண்ட்ராக்டர் மடியில் போய் விழுந்தான். வெள்ளைச் சட்டை முழுக்க எண்ணெய். அடி விழப்போகிறது என்று நான் சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவனோ விழுந்த இடத்திலிருந்தே கையை நீட்டி அவர் பிடரியை அமுக்கினான்.

"அண்ணாச்சிக்கு இங்கன நரம்பு நல்லாப் பிடிச்சிருக்கே" என்றான்.

காண்ட்ராக்டர் கண்ணை மூடிவிட்டார். திடலே எழுந்து கை தட்டியது. மாஸ்டர் அப்போதே அவனைத் தேர்ந்தெடுத்துவிட்டார்.

வேன் அன்று ராத்திரியே கொல்லம் கிளம்பியது. மாற்றுத் துணி இல்லை, வீட்டில் சொல்லவும் இல்லை. ஏறுகிறபோது கிரீஸ் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போட்டான். ஸ்பீக்கர் பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டு, செங்கோட்டை தாண்டுகிற வரை நான் பெரிய டான்ஸராக இருந்தேன்.

புளியறை செக்போஸ்டில் லாரிகளுக்குப் பின்னால் வேன் நின்றது. மாஸ்டர் கிரீஸைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒரு ஆளுக்குத்தான் எடம் தம்பி. ஒன் கூட்டாளி ஆட்டம் சரிதான், பாக்கத்தான் ஒண்ணுமில்ல. இங்கிட்டே எறங்கிக்கிறச் சொல்லு" என்றார்.

நானே இறங்கிவிட்டேன். வேன் போகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. நாளைக்கு எந்த லாரியில் மூட்டை ஏற்றுவது என்று யோசித்தபடி சாப்பாட்டுக் கடை வாசலில் நின்றேன்.

"ஏலே, புரோட்டா சூடா இருக்கான்னு கேளு" என்று முதுகுக்குப் பின்னால் குரல்.

எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. "கிறுக்குப்பயலே, நீ எதுக்குலே இறங்குன?"

"அந்த வண்டில எல்லாவனுக்கும் ஒடம்பு இரும்பாக் கெடக்கு. ஊர் ஊராப் போயி ஒருத்தனா எண்ணெ போட முடியுமாலே?" என்றான்.

அவ்வளவுதான். அப்புறம் அந்தப் பேச்சை அவன் எடுத்ததே இல்லை. நான் ஏங்கியும் கிடைக்காத ஒன்றை, பஸ் டிக்கெட்டைக் கசக்கிப் போடுவதுபோல் போட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து சால்னா ஊற்றிக்கொண்டிருந்தான். விட்டுக்கொடுப்பதிலும் என்னை ஜெயித்துவிட்டானே என்று அதற்கும் எரிந்தது.

இந்த வருஷம் சாரல் தொடங்குவதற்கு முன்னால் மஞ்சள் காமாலையில் செத்துப்போனான். அத்தனை அருவிகளிலிருந்தும் ஆட்கள் தொழிலைப் போட்டுவிட்டு வந்தார்கள். எனக்கு இதில் பாதிக் கூட்டம் வருமா என்று பார்த்தேன். குளிப்பாட்டும்போது தலைக்கு எண்ணெய் வைக்க என்னைக் கூப்பிட்டார்கள். அந்த ஒரு வேலையில் அவன் எனக்குப் போட்டிக்கு வரவில்லை.

இப்போது சீசன். வருகிறவர்கள் துண்டோடு நின்றுகொண்டு, அந்தத் தம்பி எங்கே என்று கேட்கிறார்கள். டான்ஸ் ட்ரூப்போடு போய்விட்டான், பெரிய ஆளாகிவிட்டான், ஊர் ஊராக ஆடுகிறான் என்று சொல்லி, அவர்கள் முதுகில் தாளம் போடுகிறேன்.