நாரைகளுக்கு நைட் ஷிப்ட்

நெய்வேலியில் பழைய சுரங்கக் குழியொன்று ஏரியாகி, அதன் நடுவே ஒரு மண்மேடு மிஞ்சி நின்றது. நாற்பத்திரண்டு நாரைகள் அங்கே மரங்களில் கூடு கட்டின. உடனே ஒரு குழு கூடி, மேற்படி மேட்டைப் பாதுகாக்கப்பட்ட தீவாக அறிவித்தது. டீ குடித்துவிட்டு வந்து உட்கார்ந்து, அதையே சுற்றுலாத் தலமாகவும் அறிவித்தது.

இரண்டையும் சேர்த்து நடத்திக்காட்டும் பொறுப்பு சண்முகசுந்தரம் சாருக்கு வந்தது. முப்பது வருஷம் மைன்ஸில் ஆட்களுக்கு ஷிப்ட் போட்டவர். அவருக்குக் கீழே பாவாடை, எட்டு வருஷமாகக் கான்ட்ராக்ட் வாட்ச்மேன். நாரைகளை ஒவ்வொன்றாக அடையாளம் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவன்தான். அதற்காக அவனை யாரும் வேலைக்கு வைக்கவில்லை.

"ஜனங்க போனா பறவை மிரளுது. போகலன்னா சுற்றுலா இல்ல. அதனால ஷிப்ட்," என்றார் சார்.

"யாருக்குங்க சார்?"

"நாரைக்குத்தான். அதுக்கு நைட் ஷிப்ட். காலையில எட்டு மணிக்குச் சங்கு ஊதிடு, கிளம்பட்டும். சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஜனங்க போனதும் திரும்பி வரட்டும்."

"முட்ட மேல ஒக்காந்துகினு இருக்குதுங்க சார்."

"முட்டைய அப்ரண்டிஸ் கணக்குல எழுதிக்க. தினம் சாயங்காலம் வருகைப் பதிவு எடு. ஒரு மாசம் ஆப்சென்ட் இல்லாம காட்டு, உன்னைப் பெர்மனென்ட் பண்ணச் சொல்லி நானே எழுதறேன்."

பெர்மனென்ட் என்ற சொல் காதில் விழுந்த பிறகு பாவாடைக்கு வேறெதுவும் விழவில்லை. மறுநாளே சங்கை ஊதினான். நாரைகள் அலறிக்கொண்டு கிளம்பின, படகுகள் வந்தன.

"பறவையெல்லாம் எங்கப்பா?" என்று ஒரு அம்மாள் கேட்டார்.

"இது உங்க ஷிப்டுங்கம்மா," என்றான். அவர் அறிவிப்புப் பலகையோடு படம் எடுத்துக்கொண்டு திருப்தியாகப் போனார்.

நாலாம் நாள் சாயங்காலம் ஒரு நாரையும் திரும்பவில்லை. கூடுகளில் முட்டைகள் சில்லிட்டுக் கிடந்தன. பாவாடை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். பிறகு பதிவேட்டை எடுத்து நாற்பத்திரண்டுக்கும் ஆஜர் போட்டான். முத்தாண்டிக்குப்பத்தில் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், கொல்லைப் புளியமரம் முழுக்க நாரை.

"ஆபீசுல வாயத் தொறக்காத," என்றாள் அவன் பெண்டாட்டி தனம். "அப்பறம் நம்ம வூட்டயும் தீவுன்னு சொல்லிடுவானுங்க."

மாசம் முடிந்தது. பதிவேட்டைப் பார்த்துக் குழு மெய்சிலிர்த்தது. எந்த டிபார்ட்மென்டிலும் கண்டிராத வருகை. இத்தனை ஒழுங்காக வேலைக்கு வரும் பறவைகளுக்குக் காவலாள் அநாவசியம் என்று ஏகமனதாகத் தீர்மானித்து, பாவாடையின் கான்ட்ராக்டை முடித்தது.

பாவாடை பதறிக்கொண்டு சாரிடம் ஓடினான். "சார், தீவுல ஒண்ணுகூட இல்லீங்க. எல்லாம் எங்க வூட்டுப் புளியமரத்துல இருக்குதுங்க."

சார் பதிவேட்டை விரித்தார். "கையெழுத்து உன்னுதுதானே?"

"ஆமாங்க."

"அப்ப நாரை தீவுலதான் இருக்கு. இல்ல, உன் வீட்டுல இருக்குன்னா, பாதுகாக்கப்பட்ட பறவைய நீ கடத்தி வச்சிருக்கேன்னு அர்த்தம். எத எழுதட்டும்?"

பாவாடை பதிவேட்டை மூடி அவர் பக்கம் தள்ளினான். "தீவுலயே இருக்கட்டும் சார்."

வீட்டுக்கு வந்ததும் தனத்திடம் ஒரு தட்டைக் கொடுத்து, தானும் ஒன்றை எடுத்துக்கொண்டான். இருவரும் தட்டிய தட்டில் நாரைகள் மொத்தமும் எழும்பி, எந்தப் பக்கமோ போயின.

பதிவேட்டில் இன்றுவரை ஒரு நாரைகூட லீவு எடுக்கவில்லை.