கதவு கண்டுபிடித்த மூக்கு

ஆபரேஷன் முடிந்து இருபத்திரண்டு நாளும் பதினான்கு மணி நேரமும் ஆகியிருந்தபோது, அலுவலகக் கதவு ஸ்டோர்கீப்பரை யாரென்று தெரியாது என்றது.

வாயால் சொல்லவில்லை. கதவருகே சுவரிலிருந்த வருகைப்பதிவு மிஷினில் அவர் முகம் தெரிந்தது. மேலே சிவப்பாக ஒரு பெருக்கல் குறி விழுந்தது. 'பீப்' என்றது. பச்சை விளக்கு எரிந்தால்தான் பூட்டு திறக்கும்.

தலையைச் சீவிக்கொண்டு நின்றார். பீப். மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். பீப். மிஷினின் கண்ணாடி என்னவோ பளபளவென்றுதான் இருந்தது. தான் இல்லாத நாட்களில் யாரோ நன்றாகத் துடைத்திருக்கிறார்கள்.

பிறகுதான் அவருக்கு உறைத்தது. மூக்கு!

பயந்துதான் போனார். கூடவே, யாருக்கும் தெரியாமல், உள்ளே கொஞ்சம் குளுகுளு என்றும் இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் அலுவலகத்தில் எல்லாரையும் நிற்கவைத்து ஒரு படம் எடுத்தார்கள். எல்லாரும் சிரித்திருந்தார்கள். அவரும்தான். சிரித்ததில் அவருடைய மூக்கு நுனி இறங்கி வந்து மீசைமேல் உட்கார்ந்திருந்தது. அன்றோடு சிரிப்பதை விட்டுவிட்டார். சிரிப்பு வந்தால் இருமுவார். அவர் மனைவி நகைச்சுவையாக எதுவும் சொல்வதற்கு முன் இருமல் மருந்தை எடுத்துவைக்க ஆரம்பித்தாள்.

"நுனியைத் தாங்க உள்ளே ஒண்ணுமே இல்லை. கம்பு இல்லாத கூடாரம்" என்றார் டாக்டர். "காதுலேருந்து கொஞ்சம் குருத்தெலும்பு எடுத்து, செதுக்கி, ரெண்டு துவாரத்துக்கும் நடுவுல முட்டுக்கொடுத்துடலாம்."

"காது சரிஞ்சிடாதா டாக்டர்?"

"அது பாட்டுக்கு நிக்கும். நீங்க தும்மும்போது மட்டும் வாயைத் திறந்து தும்முங்க."

மூக்குக்கு ஆபரேஷன் என்று வெளியே சொல்ல வெட்கம். அலுவலகத்துக்கு மஞ்சள் காமாலை என்று எழுதிக்கொடுத்தார். அம்மாவிடம் ஏணியிலிருந்து விழுந்ததாகச் சொன்னார். மாடி வீட்டுக்காரர் காதுக் கட்டைப் பார்த்துவிட்டதால் அவரிடம் காதில் சீழ் என்றாகிவிட்டது.

யாருக்கும் தெரியக்கூடாது. ஆனால் எல்லாரும் கவனிக்க வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்து எப்படி நடத்துவது என்று டாக்டர் சொல்லித்தரவில்லை. கட்டுப் பிரித்த பிறகு வந்து பார்த்த அம்மாகூட, "இளைச்சுட்டியேடா" என்றதோடு சரி.

"ஏன் வெளியிலயே நிக்கிறீங்க?"

மேனேஜர். அவருக்கு வருகைப்பதிவு கிடையாது. மிஷின் பக்கமே வராமல், பக்கவாட்டுக் கதவைச் சாவி போட்டுத் திறந்து போகிறவர். இன்றைக்கென்று சீக்கிரம் வந்திருந்தார். வாட்ச்மேன் பின்பக்கம் மோட்டார் போடப் போயிருந்தார்.

"மிஷின் திறக்க மாட்டேங்குது சார்."

"மறுபடியும் நில்லுங்க."

பீப்.

மேனேஜரின் கண் சுருங்கியது. போன வருடம் பாக்கிங் பிரிவில் ஒருவர் தன் தம்பியை வேலைக்கு அனுப்பிவிட்டு ஊர் சுற்றப் போயிருந்தார். அதற்குப் பிறகு மேனேஜர் எந்த முகத்தையும் நம்புவதில்லை.

"உங்களுக்குத் தம்பி இருக்காரா?"

"தங்கச்சிதான் சார்."

"உள்ள வாங்க."

அறையில் உட்காரவைத்து, அடையாள அட்டையை வாங்கி, படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நெத்தி அதேதான். கண்ணு அதேதான். மூக்கு அப்படியேதான் இருக்கு."

ஸ்டோர்கீப்பருக்குச் சுருக்கென்றது. "நல்லாப் பாருங்க சார்."

"பார்த்துட்டேன். இந்தக் காதுதான் கொஞ்சம் ஒட்டினாப்ல இருக்கு."

"காமாலை சார். இளைச்சதுல..."

"காமாலைல ஒரு காது மட்டும் இளைக்குமா?" மேனேஜர் எழுந்து மேஜையைச் சுற்றி வந்தார். "மீசை ஒட்டு மீசையா?" என்று கையை நீட்டினார்.

"தொடாதீங்க!" என்று அலறி, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார் ஸ்டோர்கீப்பர்.

இது ஆள்மாறாட்டம்தான் என்பதில் அதற்குமேல் மேனேஜருக்குச் சந்தேகமே இல்லை. "உங்க வீட்டு நம்பரைச் சொல்லுங்க. ஸ்பீக்கர்ல போடறேன். நீங்க வாயைத் திறக்கக்கூடாது."

மனைவி எடுத்தாள்.

"நான் மேனேஜர் பேசறேன்மா. உங்க வீட்டுக்காரருக்கு என்ன உடம்புக்கு?"

"அது வந்துங்க..." என்று இழுத்தாள். எந்தப் பொய் எந்த ஆளுக்கு என்று அவள் தேடுவது இவருக்குக் கேட்டது.

"ஏணியிலேருந்து விழுந்துட்டாருங்க."

"காமாலைன்னு எழுதியிருக்காரே?"

"ஆமாங்க. காமாலை மயக்கத்துலதான் விழுந்தாரு."

"காமாலையோட ஏணியில எதுக்கும்மா ஏறினாரு?"

"காதுல சீழ் வந்துச்சுங்க, அதுக்கு..." அவளுக்கே தாங்கவில்லை. "அடுப்புல பால் பொங்குதுங்க" என்று வைத்துவிட்டாள்.

மேனேஜர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துப் பேனாவைத் திறந்தார். "ஒண்ணு, நீங்க அவர் இல்ல. அப்படின்னா போலீஸ். இல்ல, நீங்கதான் அவர். அப்படின்னா பொய் லீவு, சஸ்பென்ஷன். எது வேணும்?"

ஸ்டோர்கீப்பர் கையை முகத்திலிருந்து எடுத்தார்.

"நான்தான் சார் அவர். ஆனா பழைய அவர் இல்ல. மூக்குல ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். காதுலேருந்து குருத்தெலும்பு எடுத்து நுனிக்கு முட்டுக்கொடுத்திருக்கு. சிரிச்சா இப்ப இறங்காது."

"பொய் லீவுன்னு நீங்களே ஒத்துக்கறீங்க."

"ஒத்துக்கறேன் சார். எழுதிக்கோங்க." அவர் நிறுத்தவில்லை. "உங்களுக்குத் தெரியல. பெத்த அம்மாவுக்குத் தெரியல. இருபத்திரண்டு நாள் வாயைத் திறந்து தும்மினேன் சார்! கடைசியில என் மூக்கு மாறினதை இந்த உலகத்துல கண்டுபிடிச்சது ஒரே ஒரு ஆள். வெளியில சுவத்துல இருக்கு. அது போதும் எனக்கு."

சொல்லிவிட்டு, இரண்டு வருடத்துக்குப் பிறகு முதல்முறையாக, பல் தெரியச் சிரித்தார். மூக்கு நின்ற இடத்தில் நின்றது. மேனேஜர்கூட எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

கதவு திறந்தது. கையில் இரண்டு டீயோடு வாட்ச்மேன். வெளியே நின்று எல்லாம் கேட்டிருக்கிறார் என்பது டீயில் படிந்திருந்த ஆடையிலேயே தெரிந்தது.

"சார், பழைய மிஷின் கெட்டுப்போயி, போன சனிக்கிழமை மாட்டின புது மிஷினுங்க அது. எல்லார் முகத்தையும் ஏத்தியாச்சு, லீவுல இருந்த உங்களோடதுதான் பாக்கி. அது உங்க பழைய மூக்கைப் பார்த்ததே இல்லையே சார்!"